குழாய்

காலை ஆறு, பத்து,
மதியம் இரண்டு,
மாலை ஆறு, இரவு பத்து.
செல்போன் அதிர்ந்தால் எழுந்து போவேன்.
"இடாலினாவைக் காதலன் கூப்பிடுகிறான்" என்பான்
மீன் ஏலக்கூடத்தில் ஐஸ் அள்ளும் டெல்ஃபிம்.
சிரித்துக்கொண்டே போவேன்.
என்ன செய்ய, நேரம் தவறாத காதலன்.

நிறைந்துவிட்டது என்று சொல்வதை
உடம்பு நிறுத்தி இரண்டு வருடம்.
அதற்கு முன்பே கால்விரல்கள் நிறுத்திவிட்டன,
சுடுகிறதா குளிர்கிறதா என்று சொல்வதை.
போர்ச்சுகலின் இந்த வடகரையில்
நோய்க்குச் 'சின்னப் பாதம்' என்று பெயர்.
குழந்தைக்கு வைக்கிற பெயர் மாதிரி.
பாதத்தோடு நின்றுவிடும் என்று
நம்பி வைத்திருப்பார்கள்.

போர்ட்டோ ஆஸ்பத்திரியில்
"நீர் நன்றாகப் பிரிகிறதா?" என்றாள் நர்ஸ் கிராசியெட்.
பிரிகிறது என்றேன்.
போய்விட்டு வரச் சொன்னாள்.
வந்து படுத்ததும் அடிவயிற்றில் பசை தடவிப் பார்த்தாள்.
நானூறு மில்லி
அலை இல்லாமல் கிடந்தது.
"இது உங்களை விட்டுப் பிரியவே இல்லை, அம்மா."

தொடைகளுக்கு நடுவே
கண்ணாடியைச் சாய்த்துப் பிடிக்கக் கற்றுக்கொடுத்தாள்.
முப்பத்தொன்பது வயதில்
முதன்முதலாக அங்கே பார்த்தேன்.
விரல்நுனிகளும் மரத்துக்கொண்டிருந்தன.
மூன்று குழாய்கள் தரைக்குப் போயின.
நான்காவது வழி கண்டது.
நீர் விழும் சத்தம் கேட்டது.
விழுவது தெரியவில்லை.
பக்கத்து அறையில்
வேறு யாருக்கோ நடப்பது போல இருந்தது.

அப்பா
படகின் அமரத்தில் நெடுநேரம் நிற்பாராம்.
"ஜெர்வாசியோ நட்சத்திரம் எண்ணுகிறான்" என்று
கூட்டாளிகள் கேலி செய்வார்களாம்.
வீட்டில் நாங்கள் அதைப் பக்தி என்று நினைத்தோம்.
அவ்வளவு பெரிய நீருக்கு முதுகுகூட அசையாமல்
தன் சிறுநீருக்காகக் காத்து நின்றிருக்கிறார் மனிதர்.
ஒரு பிப்ரவரி இரவு
நடுங்க நடுங்கக் கரைக்குக் கொண்டுவந்தார்கள்.
கிருமி ரத்தத்தில் ஏறிவிட்டிருந்தது.
அம்மா தெருவுக்குச் சொன்னது: நிமோனியா.

வலையிலும் துடுப்பிலும்
எங்கள் வீட்டுக் குறியைக் கத்தியால் கீறுவோம்.
மூத்தவளுக்கு ஒரு கோடு கூடுதல்.
கடைசி மகனுக்குத்தான்
அப்பாவின் குறி,
கூட்டாமல் குறைக்காமல்.

கடைசி மகன் எலாடியோ. முப்பத்திரண்டு.
ரத்தப் பரிசோதனைக்கு மூன்று முறை அழைத்தேன்.
படகுக்கு எஞ்சின் மாற்ற வேண்டும் என்றான்.
பிறகு, மத்தி சீசன் என்றான்.
பிறகு போனை எடுக்கவில்லை.

ஞாயிறு சாப்பிட வந்திருந்தான்.
கருவாடும் உருளைக்கிழங்கும்.
பாதியில் எழுந்து கழிவறைக்குப் போனான்.
தாழ்ப்பாள்.
உடனே குழாய் திறக்கும் சத்தம்.

முதலில் யார் குழாயைத் திறப்பார்கள்?

முட்கரண்டியைக் கீழே வைத்தேன்.
அவன் மனைவி அடோசிந்தா
ரொட்டி நறுக்கிக்கொண்டே
பள்ளிக் கட்டணம் பற்றிச் சொல்கிறாள்.
தண்ணீர் ஓடுகிறது.
உருளைக்கிழங்கில் எண்ணெய் உறைகிறது.
தண்ணீர் ஓடுகிறது.
நானும் இப்படித்தான் திறந்துவிட்டேன் ஒரு காலம்.
ஓடுகிற தண்ணீரைக் கேட்டால்
உள்ளே இருப்பதற்கும் புத்தி வரும் என்று.
சொட்டுச் சொட்டாக விழுவது
வெளியே கேட்காமல் இருக்கட்டும் என்றும்.

வந்து உட்கார்ந்தான்.
நெற்றியில் வியர்வை. கை ஈரமில்லை.
"தண்ணீர் பில் என் பெயரில் வருகிறது, தெரியுமா?"
சிரித்தான். அப்பாவின் பல்வரிசை.

செல்போன் அதிர்ந்தது. மணி இரண்டு.
மற்ற நாளென்றால் பையை அக்குளில் மறைத்துப் போவேன்.
இன்று மேஜைமேல் வைத்து ஜிப்பைத் திறந்தேன்,
ரொட்டிக்கும் ஆலிவுக்கும் நடுவில்:
கண்ணாடி, துடைக்கும் தாள்,
உறைக்குள் மெல்லிய குழாய்.

"உனக்கு இதைவிட நீளமாக வாங்க வேண்டும்" என்றேன்.

அடோசிந்தாவின் கத்தி
ரொட்டியின் பாதியில் நின்றது.